பார்வோவைரஸ் பி19: உறுப்பு மாற்று பெற்ற குழந்தைகளின் இரத்தசோகையும் எதிர்ப்பொருளின் இன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் குழந்தைகளிடம் காணப்படும் இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு, மருந்துகளின் பக்கவிளைவு, மாற்றுறுப்பின் செயற்குறைவு ஆகியனவே முதலில் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பார்வோவைரஸ் பி19 என்னும் வைரஸின் தொற்றும் இதற்கு ஒரு காரணமாகும். நலமுள்ள குழந்தைக்குக் காய்ச்சலாகக் கழிந்துபோகும் இத்தொற்று, எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்ட குழந்தையிடம் மாதக்கணக்கில் நீடித்துச் சிவப்பணு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. வைரஸை நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் உருவாகாமையே இந்நோய் நீடிப்பதற்கு அடிப்படை. அதே இன்மைதான் நோயின் வெளிப்படையான அறிகுறிகளை மறைக்கிறது. எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைகளையும் பயனற்றவையாக்குகிறது. இவ்வுறவையும் அதிலிருந்து பிறக்கும் மருத்துவ விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பார்வோவைரஸ் பி19, உறுப்பு மாற்று, குழந்தை மருத்துவம், இரத்தசோகை, இளஞ்சிவப்பணு, எதிர்ப்பொருள், இம்யூனோகுளோபுலின்.

முன்னுரை

நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான குழந்தைக்கு இரத்தசோகை இருப்பது வியப்பன்று. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்னும் இயக்குநீரைப் பெரும்பாலும் சிறுநீரகமே சுரக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் அச்சுரப்பும் குறைகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு நன்கு இயங்கத் தொடங்கியதும் சுரப்பு மீண்டு, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குள் ஹீமோகுளோபின் அளவு சீரடையும் என்று மருத்துவர் எதிர்பார்ப்பர். அவ்வாறு சீரடையாத குழந்தைகளும் உளர். ஓரளவு உயர்ந்த ஹீமோகுளோபின் மீண்டும் சரியத் தொடங்கும் குழந்தைகளும் உளர்.

இச்சரிவுக்கு விளக்கம் தேடுபவர்க்கு விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. அறுவையின்போது நேர்ந்த இரத்த இழப்பு, அன்றாடப் பரிசோதனைக்காக எடுக்கப்படும் இரத்தம், இரும்புச்சத்துக் குறைவு, மாற்றுறுப்பின் முழுமையற்ற செயற்பாடு எனக் காரணங்கள் பலவாம். மைக்கோபினோலேட், அசதயோபிரின் ஆகிய எதிர்ப்பாற்றல் ஒடுக்க மருந்துகள் மஜ்ஜையைத் தாக்கவல்லவை. தொற்றுத் தடுப்புக்காகத் தரப்படும் கோட்ரைமாக்சசோல், வால்கான்சிக்ளோவிர் ஆகியவையும் அத்தகையவையே. இத்தனை காரணங்கள் கைவசம் இருக்கும்போது, வைரஸ் ஒன்று காரணமாக இருக்கலாம் என்னும் ஐயம் எழுவதற்குக் காலம் பிடிக்கிறது.

இந்தியச் சூழலில் இக்காலத்தாழ்வுக்கு இன்னுமொரு வாய்ப்பும் உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினர்க்கும், தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர்க்கும் இரத்தசோகை காணப்பட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இருக்கும் ஒரு குறை, உறுப்பு மாற்று பெற்ற குழந்தையிடமும் காணப்படும்போது அது தனிக்கவனத்தைப் பெறுவது அரிது. இரும்புச்சத்து மருந்து எழுதித்தரப்படுகிறது, வாரங்கள் கழிகின்றன.

கண்டறியப்பட்ட வரலாறு

பி19 என்னும் பெயர் நோயோடு எத்தொடர்பும் இல்லாதது. 1970களின் நடுவில் இலண்டனில் இவோன் கோசார்ட்டும் அவர்தம் குழுவினரும் மஞ்சட்காமாலை பி வைரஸைக் கண்டறிவதற்கான சோதனை முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தனர். அப்போது நலமுள்ள கொடையாளர் ஒருவரின் இரத்த மாதிரி எதிர்பாராத விளைவைத் தந்தது. மின்னணு நுண்ணோக்கியில் அதுவரை மனிதரிடம் அறியப்படாத மிகச்சிறிய வைரஸ் துகள்கள் தென்பட்டன. மாதிரிகளின் ‘பி’ வரிசையில் அது 19ஆவதாக இருந்தமையால் வைரஸுக்கு அவ்வெண்ணே பெயராயிற்று. இக்கண்டுபிடிப்பு 1975இல் வெளியிடப்பட்டது. வைரஸ் கிடைத்துவிட்டது, அதற்குரிய நோய்தான் தெரியவில்லை. நோய் முதலில் தெரிந்து காரணம் பின்னர்த் தேடப்படும் வழக்கமான வரிசை இங்கே தலைகீழாயிற்று.

நோய் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1981இல், கதிரரிவாள் வடிவச் சிவப்பணு நோயுள்ள குழந்தைகளுக்குத் திடீரென நேரும் சிவப்பணு உற்பத்தி நிறுத்தத்தோடு இவ்வைரஸ் தொடர்புடையது என்பதை இலண்டனில் பாட்டிசன் குழுவினரும் ஜமைக்காவில் செர்ஜன்ட் குழுவினரும் காட்டினர். குழந்தைகளின் கன்னங்களை அறை வாங்கியது போலச் சிவக்கச்செய்யும் ‘ஐந்தாம் நோய்’க்கும் இதுவே காரணம் என்பது 1983இல் தெரியவந்தது. சிறுநீரக மாற்று பெற்றவரிடம் இத்தொற்று இரத்தசோகையை உண்டாக்கியமை பற்றிய குறிப்புகள் 1980களின் நடுப்பகுதியிலிருந்தே மருத்துவ இதழ்களில் காணப்படுகின்றன.

சிவப்பணு முன்னோடிகளை நாடும் இயல்பு

பார்வோவைரஸ் பி19 ஏறத்தாழ 25 நானோமீட்டர் விட்டமுடையது. கொழுப்பாலான மேலுறை இதற்கில்லை. ஆகவே கொழுப்பைக் கரைத்து வைரஸை அழிக்கும் வழக்கமான வேதிமுறைகளுக்கு இது எளிதில் பணிவதில்லை. இரத்தத்திலிருந்து பெறப்படும் மருந்துப் பொருள்கள் வழியாக இது பரவ நேர்ந்தமைக்கு இவ்வியல்பே காரணம். இதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 5,600 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை இழை டி.என்.ஏ. ஆகும். இத்துணைச் சிறிய மரபுப்பொருளில் தனக்கென டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியை உருவாக்கிக்கொள்ள இடமில்லை. எனவே, விரைந்து பெருகிக்கொண்டிருக்கும் செல் ஒன்றின் உற்பத்திக் கருவிகளைக் கடன்பெற்றே இது பெருக முடியும்.

அத்தகைய செல்களுள் இது தேர்ந்துகொண்டவை எலும்பு மஜ்ஜையிலுள்ள சிவப்பணு முன்னோடிச் செல்கள். பி ஆன்டிஜென் எனப்படும் குளோபோசைடு மூலக்கூறே இவ்வைரஸின் ஏற்பி என்பதை 1993இல் பிரவுன், ஆண்டர்சன், யங் ஆகியோர் நிறுவினர். பிறவியிலேயே இவ்வான்டிஜென் இல்லாத மிக அரிய இரத்த வகையினர் இத்தொற்றுக்கு ஆளாவதில்லை என்பது அடுத்த ஆண்டில் உறுதியாயிற்று. எனினும், குளோபோசைடு மட்டுமே முழு விளக்கமாகாது. சிறுநீரகம், இதயம், இரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றின் செல்களிலும் அது உண்டு. ஆயினும் அங்கெல்லாம் வைரஸ் செழித்துப் பெருகுவதில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்கு அன்றி, நுழைந்தபின் நிகழும் ஒரு கட்டத்திற்கே குளோபோசைடு இன்றியமையாதது என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. எரித்ரோபாய்டின் தன் ஏற்பியோடு இணைந்து முன்னோடிச் செல்லுக்குள் எழுப்பும் குறிப்பலைகள் இவ்வைரஸின் பெருக்கத்திற்கும் தேவைப்படுகின்றன. சிவப்பணுவை வளர்க்கும் தூண்டுதலே அதை அழிக்கும் வைரஸையும் வளர்க்கிறது.

உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய வாரங்களில் இதன் பொருளை உணரலாம். புதிய சிறுநீரகம் எரித்ரோபாய்டினைச் சுரக்கிறது. நெடுநாள் சோர்ந்திருந்த மஜ்ஜை விழித்து முன்னோடிச் செல்களைப் பெருக்குகிறது. மருத்துவர் தேவை கருதி அவ்வியக்குநீரை ஊசி வழியாகவும் தருகிறார். வைரஸ் அக்காலத்தில் உடலுள் நுழையுமாயின், தனக்கு உகந்த செல்கள் நிறைந்த மஜ்ஜை அதற்குக் காத்திருக்கிறது.

செல்லுக்குள் உருவாகும் வைரஸ் புரதங்களுள் என்.எஸ்.1 என்பது செல்சுழற்சியை நிறுத்திச் செல்லைத் தன்னழிவுக்குத் தள்ளுகிறது. முதிர்ச்சியடைய வேண்டிய செல்கள் முன்னோடி நிலையிலேயே மடிவதால், மஜ்ஜையிலிருந்து புதிய சிவப்பணுக்கள் வெளிவருவது நின்றுபோகிறது.

நலமுள்ள உடலில் நிகழ்வது

இவ்வாறு உற்பத்தி நின்றாலும் நலமுள்ளவர் அதை உணர்வதில்லை. இதற்குரிய சான்று 1985இல் வெளியான தன்னார்வலர் ஆய்வில் உள்ளது. ஒன்பது தன்னார்வலர்க்கு மூக்கு வழியாக வைரஸ் செலுத்தப்பட்டது. முன்னரே எதிர்ப்பொருள் பெற்றிராதோரிடம் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து வைரஸ் இரத்தத்தில் பேரளவில் தோன்றியது. காய்ச்சலும் உடல்வலியும் கண்டன. இரத்தத்திலிருந்து இளஞ்சிவப்பணுக்கள் மறைந்தன. பின்னர் எதிர்ப்பொருள் தோன்றியது, வைரஸ் குறைந்தது, இளஞ்சிவப்பணுக்கள் திரும்பின. தோற்றடிப்பும் மூட்டுவலியும் அதன் பின்னரே, அதாவது தொற்றிய மூன்றாம் வார அளவில் வந்தன.

இவ்வரிசை மிக முதன்மையானது. தோலில் தோன்றும் சிவப்பு வைரஸின் நேரடி வேலையன்று. வைரஸோடு எதிர்ப்பொருள் இணைவதால் விளைவது. கன்னம் சிவந்த குழந்தை நோயை வென்றுகொண்டிருக்கும் குழந்தை எனலாம்.

இரத்தசோகை ஏன் வெளிப்படுவதில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். உற்பத்தி முற்றிலும் நின்றாலும் ஒருநாளில் குறைவது 120இல் ஒரு பங்கே. டெசிலிட்டருக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள குழந்தை பத்து நாள் உற்பத்தியின்றி இருந்தால் 11 கிராமுக்கு இறங்கும். அதற்குள் எதிர்ப்பொருள் தோன்றி உற்பத்தி மீண்டுவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களே வாழும் பிறவி இரத்த நோய்களில் மட்டும் இப்பத்து நாளே உயிருக்கு இடராகிறது. 1981ஆம் ஆண்டு ஆய்வுகள் அத்தகைய குழந்தைகளிடம் நடந்தமை தற்செயலன்று.

எதிர்ப்பொருள் வராதபோது

உறுப்பு மாற்று பெற்ற குழந்தையின் நிலை வேறு. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகள் தரப்படுகின்றன. டி செல்களின் தூண்டுதலையும் பி செல்களின் பெருக்கத்தையும் இவை தடுக்கின்றன. அதன் பயனாக உறுப்பு காக்கப்படுகிறது. அதன் விலையாக, புதிய வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாவது தாமதமாகிறது அல்லது உருவாகாமலே போகிறது. மேற்கண்ட கணக்கை இப்போது நீட்டிப் பார்க்கலாம். 9 கிராம் ஹீமோகுளோபினோடு தொடங்கும் குழந்தை, நாற்பது நாள் உற்பத்தியின்றி இருந்தால் 6 கிராமுக்கு இறங்கிவிடும். பரிசோதனைக்கு எடுக்கப்படும் இரத்தம் இதில் சேரவில்லை.

எதிர்ப்பொருள் இல்லாதபோது தோற்றடிப்பும் இல்லை, மூட்டுவலியும் இல்லை. தொடக்கக் காய்ச்சலும் மருந்துகளால் மழுங்கியிருக்கலாம். எஞ்சுவது வெளிறிய முகமும் சோர்வும் மட்டுமே. பாடநூலில் இந்நோய்க்கு அடையாளமாகச் சொல்லப்படும் சிவந்த கன்னத்திற்கு நேர்மாறான தோற்றம் இது. அறுவையிலிருந்து மீண்டுவரும் குழந்தை சோர்ந்திருப்பதை யாரும் புதிராகக் கருதுவதில்லை.

குழந்தைகளுக்கு இவ்விடர் பெரியவர்களைக் காட்டிலும் மிகுதி. இவ்வைரஸ் பெரும்பாலும் பள்ளிப்பருவத்தில் மூச்சுத்துளிகள் வழியாகத் தொற்றுவது. பதினைந்து வயதை எட்டும்போது ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இதற்கான எதிர்ப்பொருள் இருக்கும். முதியோரில் பெரும்பாலோரிடம் இருக்கும். ஆகவே ஐந்து வயதில் உறுப்பு மாற்று பெறும் குழந்தை இவ்வைரஸை இன்னும் சந்திக்காதிருக்கும் வாய்ப்பே அதிகம். அது முதன்முதலாகச் சந்திக்கும் காலம், எதிர்ப்பாற்றல் மிகக் கடுமையாக ஒடுக்கப்பட்டிருக்கும் காலமாக அமைந்துவிடக்கூடும். வைரஸ் வரும் வழிகளும் மூன்று: சுற்றத்தாரின் மூச்சு, ஏற்றப்படும் இரத்தம், மாற்றப்படும் உறுப்பு. பிளாஸ்மாவிலிருந்து செய்யப்படும் மருந்துகளுக்கான மூலப்பொருள் இவ்வைரஸுக்காகச் சோதிக்கப்படுகிறது. தனித்தனிச் சிவப்பணுப் பைகளுக்கு அச்சோதனை வழக்கமாக இல்லை. இரத்தசோகையைத் தீர்க்க ஏற்றப்படும் இரத்தமே அதற்குரிய வைரஸைக் கொண்டுவருதல் அரிதாயினும் இயலாததன்று.

உறுப்பு மாற்றுக்குப் பின் நேர்ந்த 98 தொற்று நிகழ்வுகளைத் தொகுத்து ஐத், ரசோனபிள் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அறுவைக்கும் நோய்த் தொடக்கத்திற்கும் இடையேயான இடைநிலைக் காலம் 7 வாரங்கள் என அது காட்டியது. ஏறத்தாழ எல்லோரிடமும் இரத்தசோகை இருந்தது. மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் வெள்ளையணுக்களும், ஐந்தில் ஒரு பங்கினரிடம் தட்டணுக்களும் குறைந்திருந்தன. ஏழு வாரம் என்பது, ஹீமோகுளோபின் உயரும் என்று மருத்துவர் பொறுமையோடு காத்திருக்கும் மூன்று மாதக் காலத்தின் நடுவில் விழுவதைக் கவனிக்க வேண்டும்.

கண்டறிதலில் நேரும் தடுமாற்றங்கள்

முதற்குறிப்பைத் தருவது விலையுயர்ந்த பரிசோதனையன்று, இளஞ்சிவப்பணுக்களின் எண்ணிக்கையே. மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த சிவப்பணுக்கள் ஓரிரு நாள் இந்நிலையில் இருக்கும். இரத்த இழப்பாலோ சிவப்பணுச் சிதைவாலோ இரத்தசோகை நேர்ந்திருப்பின், ஈடுசெய்ய முயலும் மஜ்ஜை இவற்றை மிகுதியாக அனுப்பும். எரித்ரோபாய்டின் ஊசி பயன்தரும்போதும் இவை பெருகும். ஹீமோகுளோபின் சரிந்துகொண்டிருக்கையில் இளஞ்சிவப்பணுக்கள் ஏறக்குறையச் சுழியமாக இருப்பின், தொழிற்சாலையே மூடப்பட்டிருக்கிறது என்பது பொருள். சிறு மருத்துவமனைகளிலும் செய்யத்தக்க இவ்வெண்ணிக்கை, அன்றாட இரத்தப் பரிசோதனைப் பட்டியலில் தானாக இடம்பெறுவதில்லை, கேட்டால்தான் செய்யப்படுகிறது. இவ்விடத்தில் தவறவிடப்படும் ஒரு வரி, பல வாரங்களை விழுங்கிவிடுகிறது.

ஐயம் எழுந்தபின் நேரும் தடுமாற்றம் இன்னும் நுட்பமானது. வைரஸ் தொற்று எனில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடுவது மருத்துவப் பழக்கம். புதிய தொற்றின்போது முதலில் தோன்றுவது அதுவே. ஆனால் எதிர்ப்பொருளை உருவாக்க இயலாமையே இக்குழந்தையின் நோய். இல்லாத ஒன்றைத் தேடிவிட்டு அது இல்லை என்பதால் நோயும் இல்லை என முடிவுசெய்வது, இப்பரிசோதனையின் குறையன்று. அதைப் பொருத்தமற்ற இடத்தில் பயன்படுத்தியதன் குறை. மேற்கூறிய தொகுப்பாய்விலும் கணிசமான நோயாளிகளிடம் நோய்த் தொடக்கத்தில் ஐ.ஜி.எம். காணப்படவில்லை. நேர்முடிவு வந்தால் அது பயனுடையது. எதிர்முடிவால் எதுவும் மறுக்கப்படுவதில்லை. மேலும், இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றப்பட்ட குழந்தையிடம் காணப்படும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் கொடையாளருடையதாக இருக்கலாம்.

ஆகவே வைரஸின் டி.என்.ஏ.வையே பி.சி.ஆர். முறையால் நேரடியாகத் தேடுவது தேவையாகிறது. இதிலும் இரு எச்சரிக்கைகள் உண்டு. நலமுள்ளவரிடமும் தொற்று நீங்கியபின் சிறிதளவு டி.என்.ஏ. மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் எஞ்சியிருக்கும். எனவே ‘உண்டு’ என்னும் விடை மட்டும் போதாது. எவ்வளவு என்பதும் வேண்டும். நோய் முனைப்பாக இருக்கையில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை இலட்சம் கோடி என்னும் அளவையும் எட்டக்கூடும். இளஞ்சிவப்பணுக்கள் மறைந்த குழந்தையிடம் காணப்படும் பேரளவும், மஜ்ஜை நன்கு இயங்கும் குழந்தையிடம் காணப்படும் சிற்றளவும் ஒரே பொருளுடையன அல்ல. இரண்டாவதாக, இவ்வைரஸுக்கு மூன்று மரபுவகைகள் உள்ளன. முதல் வகைக்கென மட்டுமே வடிவமைக்கப்பட்ட சோதனை ஏனை இரண்டையும் தவறவிடக்கூடும். எந்தச் சோதனைக் கருவித்தொகுதி எவ்வகைகளைக் கண்டறியும் என்பதை ஆய்வகத்திடம் கேட்டறிவது மருத்துவரின் கடமையாகிறது.

எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்து நோக்கினால், வளர்நிலைச் சிவப்பணுக்கள் மறைந்து, உட்கருவில் வைரஸ் திரளுடைய மிகப்பெரிய முன்னோடிச் செல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தென்படும். தெளிவான சான்றுதான். எனினும் நம்பத்தகுந்த பி.சி.ஆர். வசதி உள்ள இடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்துன்பம் தேவைப்படுவதில்லை.

இதே தோற்றத்தை உண்டாக்கும் வேறொரு நிலையை ஒதுக்காமல் விட்டுவிடலாகாது. ஊசி வழியாகத் தரப்பட்ட எரித்ரோபாய்டினுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொண்ட நோயாளிகள் 1998 முதல் சில ஆண்டுகள் ஐரோப்பாவில் கூடுதலாகக் காணப்பட்டனர். அவர்களிடமும் சிவப்பணு உற்பத்தி முற்றிலும் நின்றது, இளஞ்சிவப்பணுக்கள் மறைந்தன. ஒரு நோய் எதிர்ப்பொருளின் இருப்பால் வருவது. மற்றொன்று இன்மையால் வருவது. இரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவமோ முற்றிலும் எதிரெதிரானது.

பிற வைரஸ்களுள் சைட்டோமெகலோவைரஸ் பெரும்பாலும் வெள்ளையணுக்களையே முதன்மையாகக் குறைக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் சிவப்பணுச் சிதைவு வழியாகவும், நிணச்செல் பெருக்க நோய் வழியாகவும் இரத்தசோகைக்கு இட்டுச்செல்லக்கூடும். இவை உறுப்பு மாற்று மையங்களில் வழக்கமாகக் கண்காணிக்கப்படுபவை. பார்வோவைரஸுக்கு அத்தகைய வழக்கமான கண்காணிப்பு இல்லாமையே அதைத் தனித்து எடுத்துப் பேசவேண்டியிருப்பதன் காரணம்.

தவறான விளக்கத்தின் விலை

காரணம் தெரியாத நிலையில் நடப்பவை இரண்டு. ஒன்று, மீண்டும் மீண்டும் இரத்தம் ஏற்றுதல். ஒவ்வொரு முறையும் கொடையாளரின் எச்.எல்.ஏ. ஆன்டிஜென்களைக் குழந்தையின் உடல் சந்திக்கிறது. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகக்கூடும். வெள்ளையணு நீக்கப்பட்ட இரத்தம் இவ்விடரைக் குறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. இவ்வெதிர்ப்பொருள்கள் இப்போதுள்ள உறுப்பைத் தாக்கலாம். அதைவிட, குழந்தைப் பருவத்தில் பெற்ற சிறுநீரகம் வாழ்நாள் முழுவதும் உழைப்பது அரிது; இருபது முப்பது வயதில் அடுத்த உறுப்புத் தேவைப்படும்போது பொருந்தும் கொடையாளர் கிடைக்காமற்போகலாம். ஐந்து வயதில் தேவையின்றி ஏற்றப்பட்ட இரத்தப்பையின் கணக்கு அப்போது தீர்க்கப்படுகிறது.

மற்றொன்று, பழியை மருந்தின் மேல் சுமத்தி மைக்கோபினோலேட்டை நிறுத்திவிடுதல். எதிர்ப்பாற்றல் ஓரளவு மீள்வதால் இதனாலேயே வைரஸ் அடங்கிக் குழந்தை தேறிவிடுவதும் உண்டு. அப்போது மருந்தே காரணம் என்னும் தவறான முடிவு உறுதிப்பட்டு ஏட்டில் பதிவாகிறது. தேறாத குழந்தையோ இரத்தசோகையோடு உறுப்பு நிராகரிப்பு இடரையும் சேர்த்துச் சுமக்கிறது.

சிகிச்சை

பார்வோவைரஸுக்கு எதிராக ஒப்புதல் பெற்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஏதுமில்லை. சிடோபோவிர் போன்றவற்றின் ஆற்றல் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளது. தடுப்பூசியும் பயன்பாட்டிற்கு வரவில்லை. எனினும் நோயின் அடிப்படையே மருத்துவத்திற்கும் வழிகாட்டியது: குழந்தையிடம் இல்லாத எதிர்ப்பொருளைப் பிறரிடமிருந்து பெற்றுத் தருதல். பத்தாண்டுகளாகச் சிவப்பணு உற்பத்தியின்றி இருந்த நோயாளி ஒருவரிடம் நீடித்த பி19 தொற்றைக் கண்டறிந்து, இம்யூனோகுளோபுலினால் குணப்படுத்திய நிகழ்வைக் கர்ட்ஸ்மன், யங் முதலியோர் 1989இல் வெளியிட்டனர். அதன்பின் இதுவே முதன்மைச் சிகிச்சையாக நிலைபெற்றது.

சிரை வழி இம்யூனோகுளோபுலின் ஆயிரக்கணக்கான கொடையாளரின் பிளாஸ்மாவைக் கலந்து பிரித்தெடுக்கப்படுவது. வளர்ந்தோரில் பெரும்பாலோர் இளமையில் இவ்வைரஸைச் சந்தித்தவர்களாதலால், அவர்கள் மறந்துபோன ஒரு காய்ச்சலின் எதிர்ப்பொருள் அக்கலவையில் நிறைந்திருக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் தருவது பரவலான முறை. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது நாளொன்றுக்கு 6 கிராம், மொத்தம் 30 கிராம் ஆகும். வைரஸ் நடுநிலையாக்கப்பட்டதும் முன்னோடிச் செல்கள் முதிர்கின்றன. பயன் முதலில் தெரிவது ஹீமோகுளோபினில் அன்று, இளஞ்சிவப்பணுக்களில். ஒன்றிரண்டு வாரங்களில் அவை திரளாக வெளிவருகின்றன.

சிறுநீரக மாற்று பெற்ற குழந்தைக்கு இம்மருந்து தரும்போது ஒரு கவனம் வேண்டும். சுக்ரோஸ் சேர்க்கப்பட்ட தயாரிப்புகள் சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகள் உண்டு. எனவே சுக்ரோஸ் இல்லாத தயாரிப்பும், போதிய நீரேற்றமும், மெதுவான செலுத்தலும் வற்புறுத்தப்படுகின்றன. இதனோடு எதிர்ப்பாற்றல் ஒடுக்க மருந்துகளின் அளவை இயன்றவரை குறைப்பதும் சேர்த்தே கருதப்படுகிறது. காரணம் தெரிந்து, அளவறிந்து, உறுப்பின் நிலையைக் கண்காணித்துக்கொண்டு குறைப்பது, முன்னர்க் கூறிய குருட்டுத்தனமான நிறுத்தத்திலிருந்து வேறானது.

கடன் பெற்ற எதிர்ப்பொருள் நிலையானதன்று. ஐ.ஜி.ஜி. மூலக்கூற்றின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ மூன்று வாரங்கள். அது தேய்வதற்குள் குழந்தையின் உடல் தன் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளாவிடின் வைரஸ் மீண்டும் தலைதூக்கும். சிகிச்சையும் மீண்டும் தேவைப்படும். ஆகவே சிகிச்சை முடிந்தபின் பல மாதங்கள் இளஞ்சிவப்பணு எண்ணிக்கையையும் வைரஸ் அளவையும் தொடர்ந்து பார்த்துவருதல் வேண்டும். இக்காலத்தில் எதிர்ப்பொருள் சோதனையால் பயனில்லை. காணப்படுவது யாருடைய எதிர்ப்பொருள் என்று அதனால் சொல்ல இயலாது.

மருத்துவமனைக்குள் பரவலைத் தடுத்தல்

2024இல் ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இத்தொற்று வழக்கத்தினும் பெருகியதை அப்பகுதிகளின் நோய்க்கட்டுப்பாட்டு மையங்கள் அறிவித்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு பெருகுவது இவ்வைரஸின் இயல்பு. அத்தகைய காலங்களில் கன்னம் சிவந்த குழந்தையைக் கண்டு பிற பெற்றோர் அஞ்சி விலகுவதுண்டு. ஆனால் தோற்றடிப்புத் தோன்றிய நலமுள்ள குழந்தையிடமிருந்து வைரஸ் பரவும் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. தோற்றடிப்பு ஏதுமின்றி, வெளிறிய முகத்தோடு உறுப்பு மாற்றுப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தையின் மூச்சிலோ வாரக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கக்கூடும். அடுத்த படுக்கையிலிருக்கும் குழந்தையும் அதே மருந்துகளை உண்டு, அதே எதிர்ப்பொருள் இன்மையோடு இருப்பது. பணிபுரியும் செவிலியருள் கருவுற்றோர் இருப்பின் கருவிலுள்ள குழந்தைக்கும் இத்தொற்று கடும் இரத்தசோகையை உண்டாக்கவல்லது. எனவே நீடித்த பி19 தொற்று உறுதியான குழந்தையை மருத்துவமனையில் தங்கியிருக்கும் காலம் முழுவதும் தனியறையில் வைத்து, மூச்சுத்துளித் தடுப்பு முறைகளைக் கையாள வேண்டும். பி.சி.ஆர். முடிவு வரும்வரை காத்திராமல், இளஞ்சிவப்பணுக்கள் மறைந்திருப்பது தெரிந்த அன்றே இதைத் தொடங்குவது தகும்.